ஆறு லிட்டர்

பாலைவனத்துக்கென்று வாங்கிய பை
இரண்டு வருடம் என் கட்டிலுக்கடியில் கிடந்தது.
விலைச்சீட்டைக்கூட நான் கிள்ளவில்லை.

ஓமானில் ஒரு பள்ளத்தாக்கு.
இரு பக்கமும் சிவந்த பாறை,
நடுவே நடக்க ஓர் ஆள் அகலம்,
தலைக்குமேல் கீற்றாய் வானம்.
அந்தப் படத்தை லாக்கர் கதவின் உட்புறம்
யோகேஸ்தான் ஒட்டினான்.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்டு முடிந்து
கையுறை கழற்றும்போதெல்லாம்
ஆளுக்கொரு முறை தொட்டுவிட்டுப் போவோம்,
கோயில் படியைப்போல.

நால்வர் சேர்த்த பணம் அவன் கணக்கில் இருந்தது.
பிறகு இல்லை.
ஏன் என்று எங்களுக்குத் தெரியும்.
எங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.
அவன் அப்பாவின் நெஞ்சுக்குள் இப்போது இரண்டு ஸ்டென்ட்.
"மஸ்கட் போக ஒன்று, திரும்பி வர ஒன்று"
என்றான் வெய் லுன், மலாயில்.
நானும் புனிதாவும் சிரித்தோம்.
யோகேஸ் அன்று லீவு.

ஆகவே தெலுக் பஹாங்.
ஆகவே கொம்தாரிலிருந்து நூற்றியொன்றாம் நம்பர் பஸ்,
மணல் புயலுக்காக வாங்கிய கழுத்துத் துணி,
அதைப் பிழிந்தால் ஒழுகும் வியர்வை.
காடு எங்கள் மூக்கருகில் வந்து மூச்சுவிட்டது.
வேர்களே படிகள்.
யோகேஸ் பையில் ஆறு லிட்டர் தண்ணீர்,
அட்டவணையில் ஓமானுக்கு எழுதியிருந்த அதே கணக்கு.
"கடலுக்குத்தானேடா போறோம்,
இவ்ளோ தண்ணி எதுக்கு?"
"அது உப்பு," என்றான்.
வேறெதுவும் பேசாமல் கடைசி ஆளாய் வந்தான்.
அவன் பைக்குள் தண்ணீர் புரளும் சத்தம்
எங்கள் முதுகுக்குப் பின்னால் ஏறியது, இறங்கியது.

கெராச்சுட்.
தொங்குபாலத்துக்குக் கீழே ஏரியைக் காணவில்லை.
பலகை மட்டும் இருந்தது:
மேலே நன்னீர், கீழே கடல்நீர்,
ஒன்றோடொன்று கலப்பதில்லை.
அதற்கு அப்பால்
வெந்து விரிந்த சேறு,
தட்டுத் தட்டாய்
காது மடங்கிய அப்பளம்போல்.

இறங்கினோம்.
வெய் லுன் குப்புறப் படுத்து
போனை ஒரு வெடிப்பின் வாயில் வைத்தான்.
விரலாழம்கூட இல்லை அது.
படத்திலோ
செங்குத்தாய் இரு சுவர், நடுவே பாதை,
தூரத்தில் கீற்றாய் வெளிச்சம்,
தன்னைவிடப் பெரிய சருகு சுமந்து
ஓர் எறும்பு.
போன் கைமாறி யோகேஸிடம் போனது.
திரை அணைந்தது. தட்டி எழுப்பி மறுபடி பார்த்தான்.
"சிவப்புதான் பத்தல," என்றான்.

இரவில் கூடாரத்துக்கு வெளியே
குரங்குகள் எங்கள் ரொட்டியைப் பங்கு வைத்தன,
எங்களைவிட நியாயமாக.
அலை வந்து வந்து போனது.
யோகேஸ் தொண்டையைச் செருமினான்:
"அந்தக் காசு..."
"மேகி வெந்துருச்சு," என்றாள் புனிதா.
வேகவில்லை.
நறுக் நறுக்கென்று தின்றோம்.
எனக்கு அந்தப் பலகை நினைவுக்கு வந்தது.
எந்தத் தண்ணீர் மேலே, எந்தத் தண்ணீர் கீழே
என்பது மட்டும் குழம்பியது.

விடியும்போது அவன் கூடாரத்தில் இல்லை.
ஏரியின் நடுவே குந்தியிருந்தான்.
மிச்சம் மூன்றரை லிட்டர்,
பாட்டில் பாட்டிலாகத் திறந்து
அந்த வெடிப்பில் ஊற்றிக்கொண்டிருந்தான்.
சேறு சத்தமில்லாமல் குடித்தது.
ஓரம் கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான்.
நான் கூப்பிடவில்லை.
பல் துலக்கத் தண்ணீர் இல்லையே என்று
புனிதா பிறகு திட்டியபோது
முதன்முறையாகச் சிரித்தான்.

திரும்ப நடக்க யாருக்கும் கால் இல்லை.
படகுக்காரர் நாலு பேருக்கு நூறு வெள்ளி என்றார்.
என் கை பர்ஸுக்குப் போனது.
வெய் லுன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.
யோகேஸ் ஈரக் கையால்
பத்து பத்தாக எண்ணத் தொடங்கினான்.
நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டின.
அவன் எண்ணி முடிக்கும்வரை
நாங்கள் மூவரும்
கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.